ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய மூக்குக்கண்ணாடி

1

ஊரில் இந்நேரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றபடி இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: நிதானமாகப் படியுங்கள். அது இப்போதைக்கு வராது.

எனக்கு வந்திருப்பது பஸ் அல்ல, பஸ் அலுவலகத்தின் கடிதம். இங்கிலாந்தின் நடுவயிற்றில், செங்கல்லும் மழையும் மட்டும் விளையும் ஓர் ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கேயும் பஸ் அரசாங்கத்துடையதுதான், நகரசபை நடத்துகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த நகரசபையின் போக்குவரத்து அலுவலகம், என் மகளின் பள்ளிக்கூடத்தில் விலாசம் வாங்கி, எனக்கு எழுதியது. 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிந்தது. இடையில் அன்பும் இல்லை, என்னை உண்மையுள்ளவனாக எடுத்துக்கொண்டதற்கான அடையாளமும் இல்லை. உரியவர் உடன் இல்லாத ஒரு பொருளை ஓட்டுநரின் பக்கத்தில் தாங்கள் விட்டுச் சென்றது ஏன் என்று பத்து நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கவும். பொருளின் விவரம்: மஞ்சள் துணிப்பை, ஒன்று. மூக்குக்கண்ணாடி, சிறுவர் அளவு, ஒன்று. வாழைப்பழம், ஒன்று. அடையாளம் தெரியாத எழுத்தில் காகிதத் துண்டு, ஒன்று.

அடையாளம் தெரியாத அந்த எழுத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஜெனி, பதறாம எழுதும்மா.'

2

ஜெனி என் மகள். பதினொரு வயது. இங்கே பதினொரு வயதில் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். தேறினால் நல்ல பள்ளிக்கூடம், தேறாவிட்டால் மற்ற பள்ளிக்கூடம். மற்ற பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த நாட்டில் மோசமானவற்றைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. ஜெனியின் சிநேகிதிகள் எல்லோரும் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறவர்கள். அவளுக்கு உலகம் அந்தப் பரீட்சையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பரீட்சை நாள். என் மனைவி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளனே வேலைக்குப் போய்விட்டாள். ஜெனியும் எட்டு மணி பஸ்ஸில் சிநேகிதிகளோடு போய்விட்டாள். நான் பிஸ்கட் ஆலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், மேசைமேல் அவளுடைய கண்ணாடி. அது இல்லாவிட்டால் கேள்வித்தாள் அவளுக்கு ஒரு வெள்ளைப் பனிமூட்டம். கண்ணாடியை மஞ்சப்பையில் போட்டேன், ஒரு பழத்தையும் போட்டேன், அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த தமிழில் ஒரு சீட்டு எழுதினேன். தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சொன்னேன்: "அடுத்த பஸ்ஸில் வருகிறது. அவளை நிறுத்தத்தில் நிற்கச் சொல்லுங்கள்."

பஸ் வந்தது. ஏறினேன். ஓட்டுநரின் காசுத்தட்டுக்குப் பக்கத்தில் பையை வைத்தேன். "ஸ்கூல் ஸ்டாப். ஜடை போட்ட பெண். நிற்கும்" என்றேன். இறங்கினேன். கைகாட்டினேன். அவர் முகத்தை நான் பார்க்கக்கூட இல்லை. கொடுத்தாகிவிட்டது, இனி அவர் பாடு. விசிலடித்துக்கொண்டே ஆலைப்பக்கம் நடந்தேன்.

இந்த நாட்டில் சில வருடங்களாகக் கேட்பாரற்ற பைகள் வெடிக்கின்றன. இது எனக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படித்திருக்கிறேன், அடுத்தவருக்கு விளக்கியும் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கையிலிருந்த பை எனக்குப் பையாகத் தெரியவில்லை. அது கொடுத்தனுப்புகிற சாமான். சாமான் எப்படி வெடிக்கும்?

அடுத்த நிறுத்தத்திலேயே பஸ் நின்றது. எல்லோரையும் இறக்கினார்கள். போலீஸ் வந்தது. முப்பது பேர் தூறலில் நிற்க, நீளக் கழி ஒன்றால் என் வாழைப்பழத்தை வெளியே எடுத்தார்கள்.

அங்கே பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஜெனி நின்றாள். அப்பா அனுப்பினால் வந்துவிடும் என்று நின்றாள். மணியடித்தது, நின்றாள். அரைமணி கழித்து உள்ளே போனபோது கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். அதற்குமேல் யாரையும் விடக்கூடாதென்று விதி.

வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். தமிழில் எழுதிப்பார்த்தால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"நீங்களே கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே?"

பள்ளிக்கூடம் பஸ்ஸில் பத்து நிமிடம். அன்றோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

3

பதில் இருக்கிறது. ஆனால் அது பழனிமலையில் இருக்கிறது.

நான் பெரும்பாறைக்காரன். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் கீழ்மலை. எழுபதுகளில் அங்கிருந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று மலையைச் சுற்றிப் பெருமாள்மலை வந்து கொடைக்கானல் ஏற ஒரே ஒரு அரசு பஸ் இருந்தது. காலையில் ஏறும், மாலையில் இறங்கும். 'காலை' என்பதைப் பஸ்தான் முடிவு செய்யும், சூரியனல்ல. புறப்படும் நேரத்தை டீக்கடைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். மழை அதை அழித்தது. அழித்தபிறகு நேரம் இன்னும் துல்லியமானதாக எல்லோருக்கும் தோன்றியது.

அந்த பஸ்ஸைப் பற்றி நான் ஏளனம் செய்யாத இடமில்லை. 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருக்கும். ஜன்னலில் கண்ணாடியே கிடையாது, தார்ப்பாய் கிழிந்து தொங்கும், கரமும் சிரமும் வண்டி வாங்கின நாளிலிருந்து புறத்தில்தான். மழை வெளியே நின்றபிறகும் உள்ளே கால்மணி நேரம் பெய்யும். 'புகை பிடிக்கக் கூடாது' என்ற பலகைக்கு நேர்கீழே உட்கார்ந்து பீடி பிடித்தபடி ஓட்டுவார் டிரைவர் காசி. ஓடையைக் கண்டால் வண்டி மாட்டைப்போல நின்றுவிடும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ள டின் உண்டு; டின்னில் ஓட்டை உண்டு. கொண்டை ஊசி வளைவில் திணறும்போது கண்டக்டர் சவரிமுத்து கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு அணை கொடுப்பார். கொடுத்துவிட்டு மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். பிரேக் யார் பொறுப்பில் இருக்கிறது என்று அப்போது பயணிகளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த லட்சணத்தில், அந்த பஸ்தான் எங்கள் மலையின் தபால், தந்தி, சுமைகூலி, தூது. தாண்டிக்குடிக்காரர் கொடுத்த ஆரஞ்சுக் கன்று, காட்டுப் பளியர் எடுத்துக் கொடுத்த தேன் டின், கொடைக்கானல் நாயுடுபுரத்து மருமகளுக்குத் தாய்வீட்டுக் கருவாடு, தனியாகப் பயணம் செய்யும் சேவல். எதிலும் விலாசம் இருக்காது. விலாசத்தை வாயால் சொல்வார்கள்.

"பெருமாள்மலை டீக்கடைக்கு எதுத்தாப்ல ஒரு அக்கா நிக்கும். ரெண்டு பக்கமும் மூக்குத்தி. கேக்காமயே வாங்கிக்கிரும். வெரசாக் குடுத்துருங்க, மருந்து."

"வெரசாவா? வண்டியப் பாத்துத்தான் பேசுறியா?" என்பார் காசி. பொருள் அதற்குள் அவர் காலடியில் ஏறியிருக்கும்.

கொடுக்கிறவர் டிரைவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். பார்த்தால் சந்தேகப்படுவதாக அர்த்தம். வைத்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். அதுதான் மரியாதை.

எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். என் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இதே பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பதினோரு நாள் மலையேறி மலையிறங்கியது. பெரும்பாறையில் அது இறங்கியபோது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் அடுத்த வாரம் வந்து கோபமாகச் சாப்பிட்டார்கள். கேட்கப் போனேன். சவரிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏலே, பத்திரிகை பத்திரமா வந்துச்சா இல்லையா? ஒண்ணு கொறஞ்சிருக்கா? எண்ணிப் பாத்துட்டுப் பேசு."

குறையவில்லை.

4

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்.

எழுபத்து மூன்றில் கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் குமாஸ்தா வேலைக்கு என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல்நாளே மலையேறி நாயுடுபுரத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். கவிதை எழுதுகிற ஆள் என்பதால் மனப்பாடமாக நாற்பது வரிகளைக் கொண்டுபோயிருந்தேன், சான்றிதழ்களைக் கொண்டுபோகவில்லை. அவை பெரும்பாறையில் ஒரு மஞ்சப்பைக்குள் ஆணியில் தொங்கின.

காலையில் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பிரின்சிபால் கை நீட்டினார். நான் கையைக் கொடுத்துக் குலுக்கினேன். அவர் கேட்டது சான்றிதழை. "மறந்துவிட்டேன்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எனக்கும் அதற்குள் போய் மறைந்துவிட்டால் தேவலாம்போல இருந்தது. கீழே திரும்பிப்போனால் அத்தானோடு மிளகு பறிக்க வேண்டியதுதான்.

மத்தியானம் ஆனபிறகும், வராந்தாவை விட்டு இறங்கிப்போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது சரிவில் அந்த இருமல் சத்தம் கேட்டது. பஸ் போகும் பாதையே அது கிடையாது. காசி கடைத்தெருவை விட்டு வண்டியைத் திருப்பிப் பள்ளிக்கூடத்துச் சாலையில் ஏற்றியிருக்கிறார். நடுவழியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, டிக்கெட் பை இடுப்பில் அடிக்க அடிக்க சவரிமுத்து ஓடிவந்தார்.

"ஏலே, பெரும்பாறைக்காரத் தம்பி! ஒங்க அக்கா குடுத்துவிட்டுச்சு. சர்டிபிகேட்ட ஆணியில தொங்கவிட்டுட்டு இன்டர்வியூவுக்கு வந்த மொத ஆளு இந்த மலையில நீதாண்டா."

வண்டியிலிருந்து ஐம்பது தொண்டைகள் கத்தின. "யோவ் சவரி, எங்க சோலி அம்புட்டும் கெடக்குதய்யா! பொண்ணு பாக்கப் போறம்யா, மாப்பிள வேர்த்துக் கெடக்கான்!"

"பொண்ணு எங்கயும் போகாதுய்யா, இருங்க!" என்று இங்கிருந்தே பதில் கொடுத்தார் சவரிமுத்து.

பிரின்சிபால் வெளியே வந்து யார் இவர் என்று கேட்டார். பஸ் கண்டக்டர் என்றேன். உங்கள் பஸ் வழக்கமாக இப்படிக் கொண்டுவந்து கொடுக்குமா என்றார்.

"வந்தால் கொடுக்கும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. அந்த வேலையால் ஸ்டெல்லா கிடைத்தாள். ஸ்டெல்லாவின் நர்ஸ் படிப்பால் இந்த ஊர் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அடியில், அந்த பஸ்ஸின் தரையில், ஒரு மஞ்சப்பை இருக்கிறது.

ஜெனிக்கு நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதில் இதுதான். ஒரு நாளைக்கு ஒரே பஸ் உள்ள ஊரில் ஒரு பொருளை நீயே கொண்டுபோனால் அன்றைய பொழுது போச்சு, அன்றைய கூலி போச்சு. அதனால் நாங்கள் போவதில்லை, அனுப்புவோம். அன்பை அனுப்பித்தான் எங்களுக்குப் பழக்கம். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிற அன்பு எங்களில் பலருக்குக் கைவரவேயில்லை. என் அம்மாவுக்கு ஒன்பது வருடமாகக் கம்பளி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

5

பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். பஸ் மறிக்கப்பட்டதைப் போக்குவரத்து அலுவலகம் எழுதிக்கொடுத்தால் ஜெனியை இன்னொரு நாள் தனியாக எழுதவைக்கலாம். போக்குவரத்து அலுவலகம் சொன்னது: கோப்பு மூடினால்தான் கடிதம். விளக்கம் ஏற்கப்பட்டால்தான் கோப்பு மூடும். ஊர் அலுவலகங்களில் இதையே நம்மவர்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொல்வார்கள். இங்கே வாய் காலியாக இருக்கிறது. மற்றபடி வித்தியாசமில்லை.

நான்கு பக்கம் எழுதினேன். காசியை எழுதினேன், சவரிமுத்துவை எழுதினேன், மூக்குத்தி அக்காவை எழுதினேன். என் ஆங்கிலம் மலையேறி மூச்சுவாங்கியது. எழுதி முடித்தபோது கண்கலங்கினேன். எழுதியவனே கலங்குகிற மனு தேறாது என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். நகங்கள் அவ்வளவு சுத்தம். நான்கு பக்கத்தையும் நிஜமாகவே படித்தார்.

"இது விளக்கம் இல்லை. வாதம்" என்றார். "உங்கள் ஊரில் அரசுப் பேருந்து உண்டு. சரிதானா?"

"உண்டு."

"சீருடை போட்ட பணியாளர்கள் உண்டு. விதிகள் உண்டு. பலகையில் எழுதியும் இருக்கிறது. அதெல்லாம் தெரிந்துதான் அவர்களிடம் பொட்டலம் கொடுத்தீர்கள். பாதை மாறி வண்டி ஓட்டவும் காரணமாக இருந்தீர்கள்."

"அவர்களாகத்தான் ஓட்டினார்கள்."

"பேருந்து என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் இதைச் செய்தால் அது விதிமீறல். என் மேலதிகாரியிடம் போகும், மாதக்கணக்கில் ஆகும்." குரலைத் தணித்தார். "தெரியாத ஒருவர் செய்தால் பழக்கமின்மை. பழக்கமின்மைக்கு இந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. இன்றைக்கே மூடிவிடலாம்."

அவரே ஒரு வாக்கியத்தைப் படிவத்தில் பென்சிலில் எழுதிக்கொடுத்தார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் எழுதினார். எனது சொந்தப் பகுதியில் முறையான பொதுப் பேருந்துச் சேவை எதுவும் இல்லாததால், அதன் நடைமுறைகளை நான் அறிந்திருக்கவில்லை.

உண்மை சொன்னால் குற்றவாளி, காட்டுமிராண்டி என்றால் விடுதலை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

6

ஸ்டெல்லா நாயுடுபுரத்துக்காரி. சண்டை போட்டே கடைசி பஸ்ஸையும் காத்திருக்க வைத்தவள். சமையலறையில் படிவத்தைப் படித்தாள்.

"ஏங்க, இதுல என்னங்க யோசனை? டிக் அடிச்சு சைன் பண்ணிக் குடுங்க."

"பஸ் இல்லைன்னு எழுதணுமாம், ஸ்டெல்லா."

"'முறையான'ன்னு போட்டிருக்கான்ல? அது உண்மைதானே?"

"காசி அண்ணன் பாதை மாறி வந்தாரு எனக்காக."

"வந்தாரு. நம்ம பத்திரிகைய பதினோரு நாளு ஊரு சுத்திக் காட்டவும் செஞ்சாரு. எங்க சித்தி இன்னும் அதச் சொல்லிக் காட்டுது." வெங்காயத்தை வேகமாக நறுக்கினாள். "நீங்க அந்த பஸ்ஸத் திட்டாத நாளு உண்டா? வாயால எம்புட்டும் திட்டுவீங்க, எழுதிக் குடுக்கன்னா மட்டும் வலிக்குதோ?"

வலித்தது. வீட்டு ஆளைத் திட்டுகிற உரிமை வீட்டுக்குள்தான் செல்லும். அதையே வெளியாள் எழுதி நீட்டி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னால் அது வாக்குமூலம்.

"சவரி அண்ணன் வந்து பாக்கவா போறாரு?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "புள்ள மூணு நாளா சரியாச் சாப்பிடலங்க. சிநேகிதிங்க எல்லாம் புது யூனிபாரத்தப் பத்தியே பேசுதுங்களாம். இவ கேட்டுட்டு வந்து படுத்துக்கிறா. ஒங்க மேல கோவம்னு நெனைக்கிறீங்க. கோவம் இல்ல. நம்பி நின்னுட்டமேன்னு வெக்கம்."

பேனாவை எடுத்துப் பென்சில் வரியின்மேல் ஓட்டினேன். கட்டத்தில் ஒரு சரி போட்டேன். கீழே கையெழுத்து. பெரும்பாறையிலிருந்து கொடைக்கானல்வரை, ஓட்டை டின், கிழிந்த தார்ப்பாய், ஐம்பது தொண்டைகள், எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போயின. எந்தக் கொண்டை ஊசி வளைவாலும் கவிழ்க்க முடியாத அந்த வண்டியை ஒரு சின்னக் கட்டம் கவிழ்த்தது.

7

கோப்பு மூடப்பட்டது. கடிதம் கிடைத்தது. போன வியாழக்கிழமை ஜெனி தலைமையாசிரியையின் அறையில் தனியாக உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். நானே கூட்டிக்கொண்டு போனேன். ஆலையில் அரைநாள் போனது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். இறங்கும்போது, கண்ணாடி மூக்கில் இருக்கிறதா என்று தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முடிவு வர இன்னும் நாளாகும்.

நேற்று அலுவலகத்திலிருந்து படிவத்தின் நகல் தபாலில் வந்தது. நான் ஆலையிலிருந்து வருவதற்குள் ஜெனி அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கே பஸ்ஸே இல்லையா?"

ஸ்டெல்லா அடுப்படியில் அசையாமல் நின்றாள். இவளை இந்தப் பள்ளிக்கூடம் உண்மை பேச வளர்த்திருக்கிறது. அப்பா பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்று தெரிந்தால் நாளைக்குக் காலையில் நேராகத் தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லிவிடுவாள். எழுதிய பரீட்சையும் செல்லாமல் போகும்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்படியென்றால் நீங்கள் சொன்ன கதைகள்? டிரைவர், கண்டக்டர்?"

"சும்மா. நீ சிரிக்கணும்னு சொன்னது."

அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"அப்போ மலையிலிருந்து எப்படிக் கீழே வந்தீர்கள்?"

"நடந்து."

"அம்மாவும் நடந்தா?"

"ஆமா" என்றாள் ஸ்டெல்லா, திரும்பாமலே. "ஒன்னத் தூக்கிக்கிட்டு."

ஜெனி படிவத்தை ஒழுங்காக மடித்து உறையில் போட்டாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கைமேல் தன் கையை வைத்தாள்.

"பாவம்ப்பா" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த முப்பது நாற்பது தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. மூன்று வாரத்துக்கும் மேலானபிறகு என்னிடம் பேசுகிறாள். நான் எதையும் திருத்தவில்லை. கையை எடுத்துவிடுவாளோ என்று ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.